முதல் 44 நிமிடங்கள்: சென்னை வெண்கலத்துக்குப் பிறகு இந்திய ஜூனியர் ஹாக்கி அணி

2025 டிசம்பர் 10, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம். ஜூனியர் (21 வயதுக்குட்பட்டோர்) உலகக் கோப்பையின் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். 48 நிமிடங்கள் முடிந்தபோது அர்ஜென்டினா 2, இந்தியா 0. பிறகு 49-இல் அங்கித் பால், 52-இல் மன்மீத் சிங், 57-இல் ஷர்தானந்த் திவாரி, 58-இல் அன்மோல் எக்கா. பத்தே நிமிடங்களில் நான்கு கோல்; 4–2. லக்னோவில் 2016-இல் கோப்பை வென்றதற்குப் பிறகு, ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஒரு பதக்கம்.

அன்று கேலரியில் எழுந்த கூச்சல் நியாயமானது. ஆனால் அடுத்த பருவத்தில் இந்த அணி எங்கே நிற்கும் என்று கணிக்க வேண்டுமானால், அந்தப் பத்து நிமிடங்களை ஒதுக்கிவிட்டு, அதற்கு முந்தைய 48 நிமிடங்களைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஒரு நாளில் மட்டும் நடந்த கதை அல்ல அது.

கணக்கு சொல்வது

போட்டியில் முதன்முறையாக 24 அணிகள். இந்தியா 'பி' பிரிவில். பாகிஸ்தான் விலகியதால் அந்த இடத்துக்கு ஓமன் வந்தது. சிலியை 7–0, மதுரையில் ஓமனை 17–0, அங்கேயே சுவிட்சர்லாந்தை 5–0. மூன்று ஆட்டம், 29 கோல், வாங்கியது பூஜ்யம். தொலைக்காட்சியில் பார்க்க அழகுதான். ஆனால் இந்த மூன்று ஆட்டங்களிலும் இந்தியத் தற்காப்பு ஒரு முறைகூட உண்மையான நெருக்கடிக்குள் போகவில்லை. ஆகவே கணிப்புக்கு இந்த 29 கோலால் பயன் இல்லை. அடித்தவர்கள் பட்டியலையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓமனுக்கு எதிராக நான்கு கோல் போட்ட முன்கள வீரர் ஜெர்மனிக்கு எதிராக என்ன செய்வார் என்பதை அந்த நான்கு கோல் காட்டாது.

எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று ஆட்டங்கள். காலிறுதியில் பெல்ஜியம் 2–2, ஷூட் அவுட்டில் (சமனானால் ஒரு வீரரும் எதிர் கீப்பரும் நேருக்கு நேர் மோதும் முறை) இந்தியாவுக்கு 4–3. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1–5. வெண்கல ஆட்டத்தில் அர்ஜென்டினா 4–2. மொத்தம் அடித்தது 7, வாங்கியது 9.

இப்போது நிமிடங்களைப் பாருங்கள். பெல்ஜியத்துக்கு எதிராக இந்தியா அடித்தது 45-இல் ரோஹித், 48-இல் திவாரி. ஜெர்மனிக்கு எதிரான ஒரே கோல் 51-இல், அன்மோல் எக்கா. அர்ஜென்டினாவுக்கு எதிரானவை மேலே சொன்னவை: 49, 52, 57, 58. ஏழு கோலில் ஒன்றுகூட 45-ஆம் நிமிடத்துக்கு முன்னால் விழவில்லை. வாங்கிய ஒன்பதில் ஏழு அதற்கு முன்னால் விழுந்தவை. ஆக, மூன்று நாக் அவுட் ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் முதல் 44 நிமிடங்களில் இந்தியா 0–7. மிச்சமுள்ள 16 நிமிடங்களில் 7–2.

இந்த அணியைப் பற்றி அறிய வேண்டியதில் பாதி இந்த ஒரு வரியில் இருக்கிறது. கடைசிக் குவார்ட்டரில் (ஆட்டத்தின் 15 நிமிடக் கால்பகுதி) எந்த அணியையும் உலுக்கும் வேகமும் உடல் வலிமையும் இருக்கின்றன. முதல் மூன்று குவார்ட்டர்களில், எதிரணி களைப்படைவதற்கு முன்னால், ஒழுங்காக அமைந்த தற்காப்பைத் திறக்கும் சாவி இல்லை.

இது புதிய நோயும் அல்ல. 2023 கோலாலம்பூரில் நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் 0–2 என்று பின்தங்கி, கடைசியில் 4–3 என்று வென்றது இதே பாணியில்தான். அடுத்த ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1–4. 2021 புவனேஸ்வர் அரையிறுதியிலும் ஜெர்மனியிடம் 2–4. மூன்று உலகக் கோப்பைகளில் தொடர்ந்து அரையிறுதி, மூன்றிலும் எதிரி ஜெர்மனி, மூன்றிலும் தோல்வி. கடைசி நிமிடப் பாய்ச்சல் காலிறுதியைத் தாண்டக் கைகொடுக்கிறது. அரையிறுதியில், பல கோல் பின்தங்கிய பிறகு, பாய்வதற்கு நேரம் இருப்பதில்லை.

குவார்ட்டரின் கடைசி மூன்று நிமிடங்கள்

இன்னொரு ஒழுங்கும் அந்த நிமிடங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. வாங்கிய ஒன்பது கோல்களில் ஆறு விழுந்த நேரம்: 13, 14, 15, 30, 44, 59. ஒவ்வொன்றும் ஒரு குவார்ட்டரின் கடைசி மூன்று நிமிடங்களுக்குள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபரில், மலேசியாவில் நடக்கும் ஜூனியர் போட்டியான சுல்தான் ஆஃப் ஜோகூர் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 1–2 என்று தோற்றபோது விழுந்த இரண்டும் 13, 59. பதினொன்றில் எட்டு. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

ஏன் அப்படி? காரணங்கள் மூன்று இருக்கலாம், மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை.

முதலாவது, ஆள்மாற்று. முன்கள வீரர்கள் நான்கு, ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். நடுக்களத்தவர் சற்றே கூடுதல் நேரம் நிற்பார்கள். பின்கள வீரர்கள்தான் ஒரே மூச்சில் பத்து, பன்னிரண்டு நிமிடங்கள் ஓடுகிறார்கள். குவார்ட்டர் முடியும் தறுவாயில் களைத்த பின்களத்துக்கு முன்னால் புதிதாக வந்த முன்களம் நிற்கிறது. புதிதாக வந்தவர் பிரஸ் செய்ய, அதாவது பந்து வைத்திருப்பவரை நெருக்கிப் பறிக்க, பாய்கிறார், களைத்தவர் பின்னால் மேலேறி வருவதில்லை. இரண்டு கோடுகளுக்கும் நடுவே 20 மீட்டர் பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தில் பந்தை வாங்கித் திரும்பி ஓட ஐரோப்பிய அணிகளின் நடுக்களத்துக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

இரண்டாவது, பந்தை வைத்துக்கொள்ளும் பொறுமை. 13-ஆம் நிமிடத்தில் பந்து நம்மிடம் இருந்தால் செய்ய வேண்டியது பின்களத்தில் நால்வருக்குள் சுற்றவிட்டு நேரத்தைக் கழிப்பது, அல்லது பக்கக்கோட்டருகே ஒரு ஃப்ரீ ஹிட் வாங்குவது. நம் பிள்ளைகள் அந்த நேரத்தில் நீளமான ஏரியல் (உயரே தூக்கி அனுப்பும் பந்து) போடுகிறார்கள், அல்லது நடுவில் மூவருக்கிடையே டிரிபிள் செய்யப் போகிறார்கள். பந்து பறிபோனால் நேரே எதிர்த்தாக்குதல்.

மூன்றாவது, விதி. குவார்ட்டர் முடியும் நேரத்தில் பெனால்டி கார்னர் (சர்க்கிள் எனும் கோல் முன் அரைவட்டத்துக்குள் தற்காப்பு அணி தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) கிடைத்தால், அது ஆடி முடிக்கும்வரை குவார்ட்டர் நீளும். ஆகவே தேர்ந்த அணிகள் கடைசி நிமிடத்தில் கோல் தேடுவதைவிட, சர்க்கிளுக்குள் பந்து பட்டுக் கார்னர் கிடைக்க ஒரு தடுப்பாட்டக்காரரின் கால் தேடுகின்றன. மட்டையைப் படுக்க வைத்து அவசரமாகப் பாயும் இளம் தடுப்பாட்டக்காரர் அந்தக் காலைக் கொடுத்துவிடுகிறார்.

இதற்கு மருந்து பயிற்சிக் களத்தில்தான். முழு 15 நிமிடக் குவார்ட்டர்களாக ஆடிப் பழகுவதைவிட, 11 நிமிடம் கடுமையாக ஓடவிட்டு, அதே மூச்சில் நான்கு நிமிட ஆட்டத்தைத் தனியாகத் தொடங்கி, அதற்கு மட்டும் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பந்து நம்மிடம் இருந்தால் எதிர் 23 மீட்டர் பகுதியில் பக்கக்கோட்டோரம் பூட்டி வைப்பது. இல்லையென்றால் பத்துப் பேரும் 25 மீட்டர் ஆழத்துக்குள் ஒடுங்கி நிற்பது. பின்களத்தில் ஒருவரையாவது 9-ஆம் நிமிடத்தில் இறக்கி 12-இல் திரும்ப ஏற்றும் ஆள்மாற்று அட்டவணை வேண்டும். இது கைவசமுள்ள 18 பேரை வைத்தே செய்யக்கூடிய காரியம். புதிதாக யாரையும் தேட வேண்டியதில்லை.

கார்னர்: இருக்கும் ஒரே உறுதியான சொத்து

2023 அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இந்தியாவுக்கு 12 பெனால்டி கார்னர் கிடைத்தது. ஒன்றுகூடக் கோலாகவில்லை. சென்னையில் அந்த நிலை மாறியிருந்தது. நாக் அவுட்டில் அடித்த ஏழு கோல்களில் பெரும்பாலானவை கார்னரும் ஸ்ட்ரோக்கும் (கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிக்கும் வாய்ப்பு) தந்தவை. ரோஹித், திவாரி, எக்கா என்று மூன்று பேர் அடிக்கக்கூடியவர்களாக இருந்ததும், நேரடி ஃப்ளிக்கோடு (பந்தை மட்டையால் இழுத்து வீசும் அடி) திசைமாற்றும் வகைகளும் கையில் இருந்ததும்தான் வித்தியாசம். பயிற்சியாளராக இருந்த ஸ்ரீஜேஷ், இந்த அணியில் விட்டுச்சென்ற மிகப் பயனுள்ள வேலை இது என்பது எங்கள் மதிப்பீடு. வாழ்நாள் முழுக்கக் கார்னரைத் தடுத்த கீப்பருக்கு எது தடுக்கக் கடினம் என்று தெரிந்திருக்கும்.

அடிப்பவர் ஏன் மூன்று பேர் வேண்டும் என்பதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. பெனால்டி கார்னர் அறிவிக்கப்பட்ட பிறகு அது முடியும்வரை ஆள்மாற்று கிடையாது. தற்காக்கும் அணியின் கீப்பர் காயமடைந்தாலோ இடைநீக்கம் பெற்றாலோ மட்டும் விதிவிலக்கு. அதாவது, கார்னர் கிடைக்கும் அந்த நொடியில் ஃப்ளிக்கர் களத்தில் இருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அவரால் பயன் இல்லை. ஒரே ஒரு ஃப்ளிக்கரை நம்பும் அணி ஆட்டத்தில் கால்வாசி நேரம் கார்னரை வீணடிக்கிறது. இருவர் என்றால் ஒருவர் எப்போதும் களத்தில் இருக்கும்படி மாற்றலாம். மூவர் என்றால் கார்னரைத் தடுக்க முதலில் பாய்ந்து வரும் எதிரணியின் முதல் ஓட்டக்காரருக்கு யாரை நோக்கி ஓடுவது என்ற குழப்பமும் சேரும்.

எல்லோரும் ஃப்ளிக்கரைப் பற்றியே பேசுகிறோம். கார்னர் கெட்டுப்போவது பெரும்பாலும் அவருக்கு முன்னால் உள்ள இருவரிடம். பந்தை உள்ளே தள்ளுபவர் கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் நிற்கிறார். அங்கிருந்து சர்க்கிளின் உச்சிக்கு ஏறத்தாழ 18 மீட்டர். பந்து துள்ளாமல், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு, ஒரே வேகத்தில் போக வேண்டும். அரை அடி விலகினால் நிறுத்துபவர் மட்டையை நகர்த்த வேண்டும். ஃப்ளிக்கரின் கடைசி இரண்டு காலடி தப்பிவிடும். அதற்குள் முதல் ஓட்டக்காரர் குறுக்கே வந்துவிடுவார். நிறுத்துபவர் பந்தைச் சர்க்கிள் கோட்டுக்கு வெளியே அசையாமல் நிறுத்த வேண்டும். பந்து சர்க்கிளைவிட்டு வெளியே போகாமல் கோல் அடித்தால் அது செல்லாது. ஈரமான டர்ஃபில் (செயற்கைப் புல்தரை) பந்து வழுக்கி வேகமாக வரும், காய்ந்த டர்ஃபில் துள்ளும். சென்னையின் மாலையும் ஐரோப்பியக் குளிர்காலைப் பொழுதும் நிறுத்துபவருக்கு இரண்டு வேறு வேலைகள்.

அடுத்த பருவத்துக்கான பயிற்சி அளவு என்று எங்கள் பரிந்துரை: தள்ளுபவர், நிறுத்துபவர் ஜோடிக்கு வாரத்துக்கு 200 பந்து, ஃப்ளிக்கர் இல்லாமலேயே. கோட்டில் ஒரு மட்டை அகலத்துக்கு இரண்டு கோன் வைத்து, பத்தில் ஒன்பது அதற்குள் வந்தால்தான் ஃப்ளிக்கரைச் சேர்ப்பது. ஃப்ளிக்கருக்கு வாரம் 100-ஐத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று நாளாகப் பிரிக்க வேண்டும். ஆட்டத்துக்கு முந்தின நாள் 15-க்கு மேல் வேண்டாம். 18, 19 வயதில் இடுப்பெலும்பும் கீழ்முதுகும் இன்னும் முழுதாக உறுதியாகாத நிலையில், தினம் 80, 100 என்று இழுப்பவர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுவது ஹாக்கியில் பழகிப்போன சோகம். நல்ல ஃப்ளிக்கர்களை நாம் எதிரணியிடம் இழப்பதைவிட இப்படித்தான் அதிகம் இழக்கிறோம்.

ஷூட் அவுட்டைப் பற்றி ஒன்று. 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு விநாடி. பெல்ஜியத்துக்கு எதிராகப் பிரின்ஸ்தீப் சிங் கோல் வாசலில் அசையாமல் நின்றதும், எதிர் கீப்பரின் ஃபவுலால் கிடைத்த ஸ்ட்ரோக்குகளைத் திவாரி பதறாமல் உள்ளே போட்டதும் சேர்ந்துதான் அரையிறுதியைத் தந்தன. ஸ்ட்ரோக் அடிக்க ஒருவரைத் தனியே நிர்ணயித்துப் பழக்குவது தொடர வேண்டும். 59-ஆம் நிமிடத்தில் சமன் கோல் வாங்காமல் இருந்திருந்தால் அதற்குத் தேவையே வந்திருக்காது என்பதும் மறக்கக் கூடாதது.

வயது எல்லை என்னும் கத்தரி

ஜூனியர் அணிக்கும் சீனியர் அணிக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இது. சென்னைப் போட்டிக்கு 2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற தற்போதைய முறைப்படி 2027-இல் அடுத்த உலகக் கோப்பை. அப்போது கோடு 2006-க்கு நகரும். வெண்கலம் வென்ற அணியில் 2004, 2005-இல் பிறந்த எல்லோரும் ஒரே அடியில் வெளியே. 2021 உலகக் கோப்பையிலிருந்தே ஜூனியர் அணிக்கு ஆடிய திவாரி, அராய்ஜீத் சிங் ஹுண்டால் போன்றவர்களின் அனுபவம் அவர்களோடு போய்விடும். 2024 டிசம்பரில் மஸ்கட்டில் பாகிஸ்தானை 5–3 என்று வென்று ஜூனியர் ஆசியக் கோப்பையைத் தக்கவைத்தபோது அந்த ஐந்தில் நான்கு ஹுண்டால் அடித்தவை. அப்படிப்பட்ட ஆளுக்கு மாற்று ஆறு மாத முகாமில் கிடைப்பதில்லை.

ஆகவே தேர்வாளர்களுக்கு எங்கள் யோசனை எளியது. ஜோகூர் போன்ற ஆண்டுப் போட்டிகளில் இன்னும் ஓராண்டு தகுதி உள்ள மூத்தவர்களை வைத்து பதக்கம் தேடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அந்த 18-இல் குறைந்தது 12 பேர் 2006-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களாக இருக்கட்டும். இரண்டு கீப்பர்களும் அப்படியே. ஒரு தொடரில் ஐந்தாம் இடம் வந்தாலும் நட்டமில்லை. கீப்பருக்கும் அவர் முன்னால் நிற்கும் இரு பின்கள வீரர்களுக்கும் இடையே ஒரு மொழி உருவாக 20, 25 சர்வதேச ஆட்டங்கள் வேண்டும். அதை உலகக் கோப்பைக்கு மூன்று மாதம் முன்பு தொடங்கினால் வராது.

கடினமான ஆட்டங்கள் எங்கிருந்து வரும்

ஜோகூர் 2025 இந்த விஷயத்தில் நல்ல பள்ளி. பிரிட்டனை 3–2, நியூசிலாந்தை 4–2, மலேசியாவை 2–1 என வென்றதும், பாகிஸ்தானோடு 3–3, ஆஸ்திரேலியாவிடம் 2–4, பிறகு இறுதியில் மீண்டும் அவர்களிடம் 1–2. ஒவ்வொரு ஆட்டமும் ஒன்றிரண்டு கோலுக்குள். இப்படி ஆறு ஆட்டம் ஆடுவது, 29–0 என்று மூன்று ஆட்டம் வெல்வதைவிட எத்தனையோ மடங்கு பயன்தரும். ஆனால் அங்கே ஜெர்மனியோ, பெல்ஜியமோ, ஸ்பெயினோ இல்லை. சென்னையில் ஜெர்மனி ஸ்பெயினை ஷூட் அவுட்டில் வென்று எட்டாவது முறை கோப்பை எடுத்தது. இறுதியாட்டம் இரண்டு ஐரோப்பிய அணிகளுக்கு இடையில். ஆசியப் போட்டிகளில் வென்று வென்று அந்த இடைவெளியை அடைக்க முடியாது. கோடையில் மூன்று வார ஐரோப்பியப் பயணம், எட்டு முதல் பத்து ஆட்டங்கள், அவற்றில் பாதியாவது ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியத்தின் அதே வயது அணிகளோடு. செலவு அதிகம்தான். வேறு எங்கும் இதைக் கற்க முடியாது என்பதால் அந்தச் செலவு செய்யத் தக்கது.

உள்ளூரில் ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்கியபோது ஆண்கள் அணி ஒவ்வொன்றிலும் 24 பேரில் நால்வர் ஜூனியர்களாக இருக்க வேண்டும் என்றும், எட்டுப் பேர் வெளிநாட்டவர் என்றும் விதி வைத்தார்கள். ஐரோப்பாவின் முதல்தரப் பின்கள வீரரோடு ஒரே உடைமாற்றும் அறையில் ஐந்து வாரம் இருப்பது 19 வயதுப் பையனுக்குப் பெரிய பாடம். பெஞ்சில் உட்கார வைத்தால் பாடம் பாதிதான். ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச ஆட்ட நேரமும் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, எழும்பூரும் மதுரையும் ஓர் உலகக் கோப்பையை நடத்திக் காட்டின. மதுரையின் புதிய டர்ஃப் இதற்காகவே வந்தது. ஆனால் வெண்கலம் வென்ற அணியில் தமிழ்நாட்டு வீரர் ஒருவரும் இல்லை. கோவில்பட்டி விடுதியிலிருந்து கிளம்பிய கார்த்தி செல்வமும் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஆசியக் கோப்பையில் சீனியர் அணிக்கே ஆடியவர்கள். பாதை இருக்கிறது. மதுரை டர்ஃபில் தினமும் தண்ணீர் விட்டு, 14, 15 வயதுப் பிள்ளைகளை மாலையில் இறக்கிவிட்டால் 2006-க்குப் பிந்தைய பட்டியலிலேயே ஒரு பெயர் வரலாம்.

எங்கள் கணிப்பு

ஆசிய அளவில் இந்தியாவே முன்னணி. 2023, 2024 இரண்டு ஜூனியர் ஆசியக் கோப்பையும் கையில் இருக்கிறது. புதிய தலைமுறை வந்தாலும் தகுதி பெறுவதில் சந்தேகமில்லை. ஜோகூரில் இளைய அணியை அனுப்பினால் மூன்றிலிருந்து ஐந்து வரையான இடம், மூத்தவர்களை அனுப்பினால் இறுதி. முதலாவதையே நாங்கள் விரும்புகிறோம். 2027 உலகக் கோப்பையில் அரையிறுதி எட்டக்கூடியது. அதற்கு மேல் போகுமா என்பதை அறிய, வரும் பருவத்தின் ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டே எண்களைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும்: 45-ஆம் நிமிடத்துக்கு முன்னால் இந்தியா அடித்த கோல், ஒவ்வொரு குவார்ட்டரின் கடைசி மூன்று நிமிடங்களில் வாங்கிய கோல். வலுவான எதிரணிகளோடு ஆடிய முதல் பத்து ஆட்டங்களில் முதல் எண் எட்டைத் தாண்டி, இரண்டாவது எண் நான்குக்குள் நின்றால், அடுத்த அரையிறுதியில் ஜெர்மனி வேறொரு இந்திய அணியைச் சந்திக்கும்.